செல்லத்தாய்க்கு வலி நின்றபோது

4 அக்டோபர் 1958, சனி

புழுக்கம். வானம் மூடிக்கிடக்கிறது, மழை இல்லை. பஞ்சு இரண்டு கட்டு, டெட்டால், குளூக்கோஸ் (மூன்று பாட்டில்தான் பாக்கி). மதுரைக்கு எழுத வேண்டும்.

மதியம் அச்சங்குளத்திலிருந்து ஒரு தலைப்பிரசவம், மாட்டு வண்டியில். செல்லத்தாய், இருபது வயது. தீப்பெட்டி ஒட்டுகிறவள். விடிகாலையில் வலி கண்டதாம். கூட மாமியார். புருஷன் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில். தீபாவளி ஆர்டர், லீவு கிடையாது. வாசலிலேயே "சாப்பிட்டீகளா?" என்றேன். "ஆச்சு தாயி, நீங்க?" என்றாள் மாமியார். சரி என்று உள்ளே அழைத்துப்போனேன்.

குழந்தையின் தலை கீழே. இடுப்பு விசாலம். துடிப்பு நன்று. நாலு நிமிஷத்துக்கு ஒரு வலி. மாலையில் எட்டு நிமிஷத்துக்கு ஒன்று, பிறகு இன்னும் தள்ளி. மாமியார்: "பயந்த புள்ள. எங்க காலத்துல இம்புட்டு நேரமா ஆச்சு?"

5, ஞாயிறு

காலை ஏழு. கருப்பை வாய் முழுக்கத் திறந்தாயிற்று, வலி மட்டும் அறவே இல்லை. கை வைத்தால் கருப்பை மெத்தென்று கிடக்கிறது. வலியைத் தூண்ட பிட்யூட்ரின் ஊசி போட்டேன். கல்லாக இறுகியது, தளரவே இல்லை. குழந்தையின் துடிப்பு இறங்கியது. இருபது நிமிஷம் கழித்துத்தான் இறுக்கம் விட்டது. அதோடு கருப்பை துவண்டும் போனது.

நர்ஸ் அன்னம்தான் சொன்னாள்: "அம்மா, இந்தப் புள்ள வாயில ஒரு மாதிரி இனிப்பு வாடை அடிக்கி." சிறுநீரை அசிட்டோனுக்குச் சோதித்தேன். நிறம் கரு ஊதா. நீரிழிவு இல்லாத பெண்ணுக்கு இந்த நிறம் வந்தால் பட்டினி.

மாமியாரைக் கூப்பிட்டேன். "கடைசியா இவ வாயில சோறு போனது எப்ப?"

"வெள்ளிக்கிளமை மதியம். நேத்து புரட்டாசிச் சனியில்லா தாயி, பெருமாளுக்கு நேந்துக்கிட்டது. வலி கண்ட பிறகு யாரு சோறு குடுப்பாக?"

"நேத்து கேட்டதுக்கு ஆச்சுன்னீகளே?"

"வாசல்ல வச்சுக் கேட்டா வேற என்ன சொல்லுவாக?"

நியாயம். நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே. வந்தவரைச் சாப்பிட்டீகளா என்பதும், பசித்தாலும் ஆச்சு என்பதும் எனக்குத் தெரியாததா? மரியாதைக்குக் கேட்டுவிட்டு, மருத்துவம் கேட்டதாக நினைத்துக்கொண்டேன். மடச்சி.

படித்ததெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது. கருப்பைத் தசை நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. சிக்கனமாகச் செலவழித்து நெடுநேரம் உழைக்கும், ஆனால் கையிருப்பு சொற்பம். இறுகும்போது தனக்கு வரும் ரத்தத்தைத் தானே நெரிக்கும். தளர்ந்தால்தான் சர்க்கரையும் பிராணவாயுவும் உள்ளே வரும். இருப்பு குறைந்தால் இறுக்கத்தையும் குறைத்துக்கொள்ளும். அப்படித்தான் நேற்று மாலை அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்துகிற மாதிரி நான் ஊசி போட்டேன். இரண்டு இறுக்கத்துக்கு இடையில்தான் குழந்தைக்கும் மூச்சு. அதையும் பிடுங்கினேன்.

குளூக்கோஸ் இரண்டு பாட்டில். வாயில் சர்க்கரைத் தண்ணீர், கரண்டி கரண்டியாக. பதினொன்றரைக்கு வலி திரும்பியது. இறுக்கம், ஓய்வு, இறுக்கம். வேறு மருந்தே கொடுக்கவில்லை. ஒரு மணிக்குப் பிறந்தது.

ஆண். அழவில்லை. அரை மணி ஊதினேன், தேய்த்தேன். இல்லை.

6, திங்கள்

மழை. ஓ.பி. கூட்டம் குறைவு. நேற்றுச் சாயங்காலம் புருஷன் வந்து குழந்தையைத் துணியில் வாங்கிப் போனான். நகக்கண்ணெல்லாம் பட்டாசின் வெள்ளி மருந்து. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கேஸ் நோட்டில் 'பிரசவத் தாமதம்' என்று எழுதி அடித்தேன். 'ஊசிக்கு முன் உணவு பற்றிச் சரியாக விசாரிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

7, செவ்வாய்

வெயில். செல்லத்தாய்க்குக் காய்ச்சல் இல்லை. கஞ்சி இரண்டு டம்ளர்.

சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று. அவள் வாசலைப் பார்த்தாள். மாமியார் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணல டாக்டரம்மா. சனிக்கிளமை காலையில பசி தாங்காம, அத்தைக்குத் தெரியாம ஒரு வாளைப்பளத்தத் தின்னுட்டேன். விரதம் முறிஞ்சு போச்சு. அதான் பெருமாள் எடுத்துக்கிட்டாரு."

இரண்டு நாளில் அந்தத் தசைக்குக் கிடைத்த இரை அந்தப் பழம் ஒன்றுதான். அதனால்தான் அவ்வளவு தூரமாவது தாங்கினாய் என்றேன். இன்னொன்று தின்றிருந்தால் நல்லது என்றேன். தலையாட்டினாள். நம்பவில்லை.

"அத்தைகிட்ட மட்டும் சொல்லீராதீக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.