எண்ணெய் படாமல்

மைசூரு
3.6.2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, மோலி எழுதுவது.

கர்த்தர் கிருபையில் மூச்சு ஓடுகிறது. முழங்கால்தான் ஓடமாட்டேன் என்கிறது. போனில் உங்களுக்குக் காது கேட்காததால் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் எழுதியபடியே, உங்கள் ரிப்பேர் ஷெட்டில் ஆணியில் தொங்கிய குக்கர், பம்பு ரப்பர் ரிங்குகளை எல்லாம் இறக்கி, டப்பாவில் தட்டையாகப் படுக்க வைத்து, எண்ணெய் போட்டு மூடிவிட்டேன். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் போச்சு. வாதத்தில் விழுந்த வலது கை தேறிவிட்டது என்கிறீர்களே, வந்து தொழிலைப் பாருங்கள். ஜூலி என்னையும் அங்கே கூப்பிடுகிறாள். மகள் வீட்டுச் சோற்றுக்கு நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
மோலி


கோயம்புத்தூர்
10.6.2024

அன்புள்ள மோலிக்கு,

எண்ணெயா! எண்ணெய் படாமல் வை என்றல்லவா எழுதினேன்? எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். திறந்து பார். பழைய பம்புக்கு அந்த அளவு இனிக் கடையில் கிடைக்காது. அது இருந்தால்தானே நான் திரும்பி வந்து உட்கார முடியும்? படிக்கத் தெரிந்த யாரிடமாவது கடிதத்தைக் காட்டியிருக்கக் கூடாதா?

எலியேசர்


மைசூரு
17.6.2024

அன்புள்ளவருக்கு,

திறந்து பார்த்தேன். ஊறின அப்பளம் மாதிரி கிடக்கிறது. ஒன்றுகூடத் தேறாது.

நான் அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் பேரப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். உங்கள் பழைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், நீங்களே படியுங்கள். 'படாமல்' எங்கே? 'ப' மாதிரி ஒன்று, அப்புறம் வெறும் கோடு. அதைத்தான் 'போட்டு' என்று படித்தேன். இப்போது வந்த கடிதமும் அதே கிறுக்கல், மூன்று தரம் படித்தேன். டப்பா மேல் முத்து முத்தாக அளவு எழுதின கை இது இல்லை. எந்தக் கையால் எழுதுகிறீர்கள்?

மோலி


கோயம்புத்தூர்
24.6.2024

மோலி,

இடது கை. வலதில் டம்ளர்கூட நிற்பதில்லை. உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை. ரிங்கு நன்றாக இருந்திருந்தாலும் நான் மாட்டியிருக்க முடியாது. உன்னைப் படிக்கத் தெரியாதவள் என்றது தப்பு. எல்லாவற்றையும் எறிந்துவிடு. அலுத்துவிட்டது.

எலியேசர்


மைசூரு
1.7.2024

அன்புள்ளவருக்கு,

எறிந்துவிட்டேன். ஷெட் சாவியைப் பக்கத்து வீட்டு கௌரம்மாவிடம் கொடுத்தாச்சு. "மக வீட்டுக்குப் போகவே மாட்டேன்னீங்களேம்மா?" என்று சிரித்தாள். "சோத்துக்குப் போகல, சமைக்கப் போறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். என் குக்கரும் கூட வருகிறது. அதன் ரிங்கில் எண்ணெய் படவில்லை. இடது கையால் மூடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாட்டுவது நான்.

மோலி