சொகுசு இருக்கை, சொகுசு இருக்கை

மார்ச் 4, செவ்வாய்

புகார்ப் பிரிவு என்றால் பஸ் லேட், ஏசி ஒழுகுகிறது, தலையணையில் நாற்றம், இவ்வளவுதான் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். இன்று காலை அத்தான் கூப்பிட்டார். அக்காவின் கணவர், இந்த பஸ் கம்பெனியின் முதலாளி. ஆபீஸில் "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொன்னவரும் அவரே. ஆனால் யாரும் தொடாத வேலை ஒன்று வந்துவிட்டால் மட்டும் "நீ நம்ம வீட்டுப் பொண்ணு" ஆகிவிடுவேன். இன்று நான் நம்ம வீட்டுப் பொண்ணு.

ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து புதுச் சட்டமாம். இணையத்தில் வியாபாரம் செய்கிறவர்கள், கண் தெரியாதவர், காது கேட்காதவர், கை நடுங்குகிறவர் யார் வந்தாலும் அடுத்தவர் துணையில்லாமல் பயன்படுத்தும்படி தளத்தை வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். பொறுப்பாளர் என்று ஒருவர் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட வேண்டும். அந்த ஒருவர் நான்.

"சின்ன வேலைதான்மா. ஒரு வாரத்துல முடிச்சிடலாம்."

சொன்னவர் தன் சொந்தத் தளத்தில் இதுவரை ஒரு டிக்கெட் எடுத்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் பேசினேன். அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஆயிடும்'. எதைக் கேட்டாலும் "ஆயிடும் மேடம்". எப்போது ஆகும் என்று கேட்டால் தலையைச் சொறிவான். இன்று நிறையச் சொறிந்தான்.

மார்ச் 22, சனி

உண்மையில் பயன்படுத்துகிற ஒருவரை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று அடம்பிடித்து, கணக்கு டீச்சரை வரவழைத்தேன். பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. லீவு விட்டால் சொந்த ஊருக்கு நம் பஸ்ஸில்தான் போவார். போனில் இருப்பதை எல்லாம் அவருக்குப் படித்துச் சொல்ல ஒரு குரல் உண்டு. நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்டோம். அது என்ன படித்தது? "படம். படம். பட்டன். பட்டன். பட்டன்." எந்தப் பட்டன் என்று அதற்கும் தெரியாது, பாவம்.

தேதி எடுப்பதற்குள்ளேயே எனக்கு வியர்த்துவிட்டது. ஒருவழியாகப் பணம் கட்டும் இடத்துக்கு வந்தார். "நேரம் முடிந்தது" என்று சொல்லி, பிடரியைப் பிடித்துத் தள்ளின மாதிரி முதல் பக்கத்துக்கே அனுப்பிவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமாம். மறுபடி போனார். மறுபடி தள்ளியது.

"இதுல டிக்கெட் போடறதுக்குள்ள ஊருக்கு நடந்தே போயிடலாம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அப்புறம் வாசல் வரை கொண்டுவிடும்போது கேட்டேன், இத்தனை நாள் யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று.

"பக்கத்து வீட்டுப் பையன். என் வயசு, என் போன் நம்பர், எந்தெந்த நாள் என் வீடு பூட்டியிருக்கும்னு எல்லாம் அவனுக்குத் தெரியும். நல்ல பையன்தான். ஆனா அவனுக்கு ஏன் தெரியணும்?"



ஏப்ரல் 5, சனி

டீச்சர் வந்துபோன அன்றே, படங்களுக்கு எல்லாம் அந்தக் குரல் படிக்கும்படி விளக்கம் எழுத வேண்டும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தேன். நான் ஊரில் இல்லாத வாரத்தில் அத்தான் அதை விளம்பரப் பிரிவுக்குக் கொடுத்திருக்கிறார். எழுதுவதெல்லாம் அவர்கள் வேலையாம்.

இன்று டீச்சர் சீட் எடுக்கும் இடத்தைத் திறந்தார். "சொகுசு இருக்கை. சொகுசு இருக்கை. சொகுசு இருக்கை." வரிசையாக, பஸ் முழுக்க. சீட் நம்பர் இல்லை, காலியா நிரம்பியதா இல்லை, பக்கத்தில் ஆணா பெண்ணா இல்லை. பணம் கட்டும் பட்டனுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "மறக்க முடியாத பயணத்தின் ஆரம்பம்." கடவுளே!

டீச்சர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளம்பரப் பிரிவுக்காரரிடம் போய்க் கேட்டால், "உங்களுக்கு ரசனையே இல்ல மேடம்," என்கிறார். ரசனையாம்! சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஏப்ரல் 17, வியாழன்

ஒரு விற்பனையாளர் வந்தார். கோட், டை, பல் முழுக்கச் சிரிப்பு. தளத்தின் மூலையில் ஒரு சின்ன நீலப் பொம்மை வரும், பக்கத்தில் இருப்பதை அதுவே படித்துச் சொல்லுமாம். அதைப் போட்டுவிட்டால் போதும், எந்தச் சட்டமும் நம்மைத் தொடாது. நாம் எதையும் மாற்ற வேண்டாம் என்றார்.

அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா? நீ மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கற, இவர் ஒரு பொம்மையில முடிச்சிட்டார்."

கேட்கிறவன் கேணையனாக இருந்தால்... வேண்டாம், அக்கா வீட்டுக்காரர். எழுதக் கூடாது.

மே 3, சனி

பொம்மை பேசுகிறது. டீச்சர் போனில் இருக்கிற குரலும் பேசுகிறது. ஒன்று முடிப்பதற்குள் இன்னொன்று.

"மாமியாரும் நாத்தனாரும் ஒரே நேரத்துல பேசற மாதிரி இருக்கு," என்றார் டீச்சர். "இதுக்கு முன்னாடி ஒண்ணும் புரியலைனாலும் நிம்மதியா புரியாம இருந்துச்சு."

மே 20, செவ்வாய்

பொம்மையை எடுக்கச் சொல்லி இது நான்காவது முறை. "ஆயிடும் மேடம்."

ஜூன் 12, வியாழன்

பொம்மையை ஒருவழியாக எடுத்தாயிற்று. ஆனால் சீட் படத்தைச் சரிசெய்ய நேரமில்லையாம். அதனால் புது ஏற்பாடு. கண் தெரியாதவர் என்று ஒரு கட்டத்தில் குறித்தால், கம்ப்யூட்டரே ஒரு சீட் கொடுத்துவிடும். நேரக் கெடுவும் கிடையாது. சொன்னபோது 'ஆயிடும்' தலையைச் சொறியவில்லை. பெருமையாக நின்றான்.

அவங்களுக்கும் எதில் உட்காருவது என்று ஒரு விருப்பம் இருக்காதா என்று கேட்டேன். அத்தான் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"கண்ணு தெரியாதவங்களுக்கு எந்த சீட்டா இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதானே."

கெட்டவர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஜூன் 21, சனி

டீச்சர் இன்று தானாகவே ஒரு டிக்கெட் எடுத்தார். முதல் முறை. ஆபீஸில் கைதட்டினார்கள். அத்தான் ஸ்வீட் வாங்கி வரச் சொன்னார்.

டிக்கெட்டை நான்தான் வாங்கிப் பார்த்தேன். கடைசி வரிசை. ஐந்து சீட்டில் நடு சீட். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால், மற்ற நான்கிலும் ஆண்கள். விடிய விடிய ஓடுகிற பஸ்.

படித்துச் சொன்னேன். டீச்சர் ஸ்வீட் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தார். "டிரைவர் பக்கம், முதல் ரெண்டு வரிசைக்குள்ள, பக்கத்துல ஒரு பொம்பளை. பக்கத்து வீட்டுப் பையன் எப்பவும் அப்படித்தான் போட்டுக் குடுப்பான். உங்க சட்டத்தை விட அவனே தேவலை."

அந்த டிக்கெட்டைக் கேன்சல் செய்யும் பட்டனும் அவருக்குக் கிடைக்கவில்லை. நான்தான் செய்து கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

அறிக்கை தயார் செய்து என் மேஜையில் வைத்திருக்கிறார்கள். "எங்கள் தளம் சட்டத்துக்கு முழுமையாக இணங்குகிறது." கீழே கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயர், பொறுப்பாளர்.

முழுமையாகவாம்! முக்கால்கூட இல்லை. கால்கூட இல்லை.

போடமாட்டேன் என்றேன். "சார், இது பொய்," என்றேன். எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டாமோ? வாய் முந்திக்கொண்டது. அத்தான் முகம் சிவந்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஜூன் 26, வியாழன்

அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"பிரஷர் மாத்திரை ரெண்டா ஆயிடுச்சு அவருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?"

"அது பொய்க்கா."

"எல்லா கம்பெனியும்தான் போடறான். நீ மட்டும் பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா? நானும் அந்த வீட்டுலதாண்டி பொறந்தேன். உனக்கு இந்த வேலை போட்டுக் குடுத்தது யாரு? உப்பு தின்ன வீட்டுக்கே..."

அதை அவள் முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் போடுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டவளும் இவள்தான். இப்போது என்னிடம் ஒரே ஒரு கையெழுத்து கேட்கிறாள், என்னால் கொடுக்க முடியவில்லை. கொடுத்தா என்னடி? யாருக்குத் தெரியப்போகுது? டீச்சருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ச்சே.

ஜூன் 30, திங்கள்

சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அறிக்கை விட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எது சரியில்லை, எப்போது சரியாகும், அதுவரை யாரிடம் கேட்பது, இதையும் சொல்லலாம் என்றுதான் இருக்கிறது. இத்தனை மாதம் இதை யாரும் படிக்கவில்லை. நானும் அரைகுறையாகத்தான் படித்திருக்கிறேன்.

உட்கார்ந்து எழுதினேன். சீட் படம் புரியாது. தேதி எடுப்பது கஷ்டம். கேன்சல் செய்யும் பட்டன் கிடைக்காது. தானாக வரும் சீட் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆகஸ்ட் 20-க்குள் சரிசெய்வோம். அதுவரை இந்த எண்ணில் கூப்பிடுங்கள், நீங்கள் கேட்கிற சீட்டை நாங்கள் எடுத்துத் தருகிறோம். என் பெயர், என் சொந்த போன் நம்பர், என் கையெழுத்து.

'ஆயிடும்' கையில் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் தளத்தில் ஏற்றிவிட்டான். நாலு மாதத்தில் அவன் சொன்னபடி ஆன ஒரே வேலை.

ஜூலை 1, செவ்வாய்

அத்தான் போட்ட சத்தத்தில் பார்சல் பிரிவு ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "நம்ம கடையில சொத்தைக் கத்திரிக்காய்தான் இருக்குனு நீயே போர்டு எழுதி மாட்டுவியா?"

சட்டம் அமலான நாளில் அறிக்கையை எடுக்கவும் முடியாது, என்னை எடுக்கவும் முடியாது. என் மேஜையை எடுத்தார். பார்சல் குடோனுக்குப் பக்கத்து அறை. காற்றாடி ஒன்று, அதுவும் சுற்றும்போது அழுகிறது.

அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 9, புதன்

யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். குளிக்கப் போனால் போன், சோற்றில் கை வைத்தால் போன். கண் தெரியாதவர்கள் மட்டுமில்லை. கை நடுங்குகிற ஒரு பெரியவர், ஐந்து நிமிடத்தில் முடியாமல் போன வருஷமே பயணத்தை விட்டுவிட்டாராம். "மெதுவா சொல்லுங்க, நான் இருக்கேன்," என்றேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். சாம்பார் ஆறிப்போய்விட்டது.

ஜூலை 25, வெள்ளி

டீச்சர் கூப்பிட்டார். இரண்டாவது வரிசை, பக்கத்தில் ஒரு அம்மா. போட்டுக் கொடுத்தேன். "இப்ப பையனுக்குப் பதிலா நீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்," என்றார். சொன்னது சரிதான். வலித்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்றோடு நான் கொடுத்த தேதி போய்விட்டது. சீட் படம் அப்படியேதான் இருக்கிறது. அத்தானிடம் போனால் மேனேஜரைக் காட்டுகிறார், மேனேஜர் 'ஆயிடும்' பக்கம் காட்டுகிறார். அப்போது நானும் பொய்தான் எழுதினேனா? தேதி போட்டு எழுதிய பொய். அத்தானை விட நான் என்ன ஒழுங்கு?

அக்கா இன்னும் பேசவில்லை. நேற்று என் பிறந்தநாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சாயங்காலம் போன் அடித்தது. திரையில் அக்கா. உடனே எடுத்தேன்.

"ஹலோ, புகார் நம்பரா?" குரல் விறைப்பாக இருந்தது.

விளையாடுகிறாளா, என்னை அழவைக்கிறாளா? "ஆமாங்க, சொல்லுங்க," என்றேன்.

"உன் நம்பரைக் கோவத்துல அழிச்சிட்டேன். அவர்கிட்ட கேக்கறதுக்கும் ரோஷம். கம்பெனி பக்கத்துல நீ உன் நம்பரைப் போட்டிருக்கறதா அவர் கத்தினது ஞாபகம் வந்துச்சு, அதுல போய் எடுத்தேன். எடுக்கும்போது மேல எழுதினதையும் படிச்சுத் தொலைச்சேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அதுல ஒரு புகார் குடுக்கணும். ஆகஸ்ட் இருபதுக்குள்ள சரியாகும்னு போட்டிருக்கீங்க. இன்னைக்குத் தேதி என்ன? என்ன கம்பெனி நடத்தறீங்க?"

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம விடுவேனா? மேஜையில சோத்தை வைக்கறதுக்கு முன்னாடி சொன்னேன். தட்டு காலியாவே இருந்துச்சு கொஞ்ச நேரம். நாளைக்குக் காலையில அந்தப் பையனைப் பக்கத்துலயே உக்கார வெச்சு முடிக்கறாராம். முடிக்கலைனா நாளைக்கும் தட்டு காலிதான். நீ முதல்ல புகாரைப் பதிஞ்சுக்கோ."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. புகார்ப் பதிவைத் திறந்தேன். பார்சல் குடோன் காற்றாடி சத்தத்தில் என் குரல் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

"புகார் குடுக்கறவங்க பேர் என்னனு போடட்டும்?"

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கானு போடுடி."

போட்டேன்.