இரண்டு கோப்பைகள், ஒரு மூக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். "மாமா, இது உங்களுக்கு" என்று ஒரு மால்ட் விஸ்கி பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் காய்ச்சியது. தக்கையை இழுத்ததும் டிங்சர் அயோடின் மணமும் உப்பும் அணைந்த விறகின் புகையும் கூடத்தில் பரவின. ஒரு விரற்கடை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ஹோமம் முடிஞ்ச மறுநாள், தண்ணி தெளிச்ச குண்டம்" என்று என் வாய் தானாகச் சொன்னது. அவர் ரசித்துச் சிரித்தார். அது என் கல்கத்தா சிநேகிதனான உன் வாக்கியம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பாதியைக் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசியது போதாமல் இப்போது எழுதவும் உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் துறைமுக ஆபீஸ் வேலையாகக் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிது. கரியாஹாட் மார்க்கெட்டில் ஒருவர் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, இது நேற்றையது, கீழே இருப்பதை எடு என்று கடைக்காரனிடம் வங்காள மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரன் மறுபேச்சில்லாமல் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தான். நான் பக்கத்தில் நின்று, "எனக்கும் ஒரு கட்டு பார்த்துக் கொடுங்க சார்" என்று தமிழில் கேட்டேன். நீ திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மாதத்தில் 'சார்' போய் 'நீ' ஆகிவிட்டது. இருவருக்கும் ஒரே வயது, இருவருக்கும் ஒரு பெண். உன் பத்மாவுக்கும் என் மனைவிக்கும் அந்த ஊர் மீன் வாடையைப் பற்றி ஒரே புகார்.

நீ டீ டேஸ்டர். ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்து மதிப்புச் சொல்லும் வேலை. ஒருநாள் உன் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். நீண்ட மேஜையில் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பெரிய எச்சில் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தாய். எந்த மலை, எந்த மழைக்குப் பிறகு பறித்தது, எந்தத் தோட்டத்தில் கொஞ்சம் அதிகமாக வாட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாய். உங்கள் தொழிலில் தேயிலை ஊறிய தண்ணீருக்கு 'லிக்கர்' என்று பெயர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். "பத்மா அப்பாகிட்ட முதல் தடவை என் வேலையைப் பத்திச் சொன்னப்ப இந்த வார்த்தையாலயே கல்யாணம் நின்னு போகப் பார்த்துது" என்றாய்.

விஸ்கி நம் வாழ்க்கையில் நுழைந்தது என்னால். என் தம்பி கப்பலில் இன்ஜினியர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இரண்டு மூன்று மால்ட் கொண்டுவருவான். முதல் பாட்டிலை நான் ஐஸ் போட்டு, சோடா ஊற்றி உன்னிடம் நீட்டினேன். நீ அதை வாங்கவில்லை. "இதை இப்படிக் கொல்றதுக்கா அவன் அங்கேருந்து தூக்கிட்டு வந்தான்?" என்று கேட்டாய்.

அப்படித் தொடங்கியவைதான் லேக் கார்டன்ஸில் உன் வீட்டுச் சனிக்கிழமைகள். சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்துவிடுவோம். நிறம் தெரிய வேண்டும் என்பாய். ஊதுவத்தி கூடாது, பக்கோடா கூடாது, நான் சட்டையில் சென்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது. முதலில் ஆளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர். பிறகு குறுகிய வாய் உள்ள கோப்பைகளில் இரண்டு மால்ட், அடுத்தடுத்து. "ஒண்ணை மட்டும் குடிச்சா நல்லா இருக்கு, இல்லைன்னுதான் சொல்ல வரும். பக்கத்துல இன்னொண்ணு இருந்தாத்தான் அது எப்படிப்பட்டதுன்னு தெரியும்" என்பாய். ஸ்பே ஆற்றங்கரைச் சரக்கில் உனக்கு நோலென் குர், அந்த ஊர்க் குளிர்கால ஈச்ச வெல்லம், தெரியும். ஷெர்ரி ஒயின் பீப்பாயில் கிடந்ததில் பழைய பீரோவும் உலர் திராட்சையும். ஐலா சரக்கில் அந்த ஹோம குண்டம். எனக்கு எல்லாமே விஸ்கியாகத்தான் மணக்கும். நீ சொன்ன பிறகு முகர்ந்தால் மட்டும் அது அங்கே இருக்கும். பத்மா வாசலில் நின்று, "ரெண்டு பேரும் குடிக்கிறதைவிட மோந்து பார்க்கிறதுதான் அதிகம். இதுக்கு எதுக்குக் கதவைச் சாத்திக்கணும்?" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

புது நூற்றாண்டு பிறந்த ஓரிரு வருஷத்தில் உனக்கு ஒரு கடுமையான காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் படுத்துவிட்டு எழுந்தாய், மெலிந்திருந்தாய். சனிக்கிழமைகள் மறுபடி ஆரம்பித்தன. ஒரே ஒரு மாற்றம். "இன்னிக்கு நீ முதல்ல சொல்லு" என்றாய். நான் தடுமாறி ஏதோ சொன்னேன். நீ கண்ணை மூடி முகர்ந்து, "சரியாத்தான் சொல்றே" என்றாய். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கும் மூக்கு வந்துவிட்டது என்று மனைவியிடம் பெருமை அடித்தேன். தம்பிக்கு போன் போட்டு எந்தெந்த பாட்டில் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டேன். என் எதிரே உட்கார்ந்திருந்தவனின் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு சனிக்கிழமைகூட நான் பார்க்கவில்லை.

பத்மாவும் உன் பெண் ரம்யாவும் ஊருக்குப் போயிருந்த வாரம் அது. நீ கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. "வா, வெந்நீர் வைக்கத்தான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே நீ சமையலறைப் பக்கம் திரும்பினாய். உன் கையில் தீப்பெட்டி இருந்தது. நான் அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, ஓடிப்போய் சிலிண்டரை மூடி, எல்லா ஜன்னலையும் திறந்தேன். திரும்பி வந்தபோது நீ நடுக்கூடத்தில் அப்படியே நின்றிருந்தாய்.

பால்கனியில் உட்கார்ந்தோம். "எப்பலேருந்து வாசனை தெரியலை?" என்று கேட்டேன்.

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"ஆபீஸ்ல?"

"நிறம் தெரியுது. நாக்குல துவர்ப்பு தெரியுது, கனம் தெரியுது. மிச்சத்துக்கு, பக்கத்துல நிக்கிறவன் என்ன சொல்றான்னு கேட்டுட்டு எழுதறேன்." என் பக்கம் திரும்பி, "உன்கிட்ட கேட்ட மாதிரிதான்" என்றாய்.

எனக்கு முகம் சுட்டது. அந்தச் சூட்டில்தான் மேற்கொண்டு பேசினேனோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். "நீ போய்ச் சொல்லிடணும்" என்றேன். "ஒரு தோட்டத்துல எவ்வளவு பேர் உழைப்பு உன் ஒரு கரண்டியில இருக்குன்னு நீதானே சொல்லியிருக்கே? தெரியாத வாசனைக்கு எப்படி நீ மதிப்புப் போடலாம்?"

"தானா திரும்பி வரலாம்னு டாக்டர் சொல்றார். வராமலும் போகலாமாம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்றார்."

"அதுவரைக்கும்? பொய்யாவே எழுதிட்டிருப்பியா?"

நீ கீழே ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கேட் மூடி, ஒரு லோக்கல் போய், மறுபடி திறந்தது. "சரி" என்றாய். அவ்வளவுதான். என் வேலையை நான் யாரிடமும் போய்ச் சொல்லி இழக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அத்தனை சுலபமாகப் பேச முடிந்தது.

திங்கட்கிழமை நீயே போய் மேலாளர் அறையில் சொல்லிவிட்டாய். அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். மாலை போட்டார்கள், வெள்ளிக் கரண்டி ஒன்று கொடுத்தார்கள். அதன்பிறகு உனக்குத் தெரிந்தவரின் கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலை. கார் போயிற்று. காலையில் டிபன் டப்பாவோடு காளிகாட் மெட்ரோ படியிறங்கும் உன்னை ஒருநாள் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தேன், கூப்பிடவில்லை. தில்லியில் படிக்க ஆசைப்பட்ட ரம்யா உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தாள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ரம்யாவும் எப்போதும்போல 'மாமா' என்றுதான் கூப்பிட்டாள்.

சனிக்கிழமைகளை நீ நிறுத்தவில்லை. நானாக இருந்தால் அந்தக் கோப்பைகளை உடைத்துப் போட்டிருப்பேன். நீ பழையபடியே வெந்நீர் வைத்தாய், இரண்டு மால்ட் ஊற்றினாய், கோப்பையை மூக்கடியில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாய். "சொல்லு" என்பாய். நான் சொல்லுவேன். "அவசரப்படாதே, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாரு" என்பாய். எனக்கு என்னவோ ஒரு கடனைத் தீர்ப்பதுபோல ஆறுதலாக இருந்தது. உனக்கு இல்லாததை நான் வார்த்தையாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சென்னைக்கு மாற்றல் வரும்வரை அப்படியே நடந்தது.

நான் சென்னைக்குப் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கிடங்கிலிருந்து திரும்பும் வழியில் உனக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது என்று ரம்யா போனில் சொன்னாள். பத்தாம் நாளுக்குத்தான் என்னால் வர முடிந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகு பத்மா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணா. சொல்லக் கூடாதுன்னு அவர் சொல்லியிருந்தார். இனிமே என்ன இருக்கு."



"அவருக்கு வாசனை திரும்பி வந்துடுச்சு. வேலையை விட்ட அடுத்த குளிர்காலத்துலயே. நான் காலையில டிகாக்‌ஷன் இறக்கிட்டிருந்தேன், சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னார். 'பத்மா, காபி வாசனை வருது'ன்னார். அப்படியே தரையில உட்கார்ந்து அழுதார்."

"ஆபீஸ்ல போய்க் கேட்கலையா?"

"கேட்டார். அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. ஒரு தடவை போன மூக்கை மறுபடி யாரு நம்புவாங்க? வேற ரெண்டு கம்பெனியிலயும் கேட்டுப் பார்த்துட்டு விட்டுட்டார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை பத்மா?"

"'அவன் பேச்சைக் கேட்டுத்தான் போய்ச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்திருந்தா வேலை இருந்திருக்குமேன்னு அவன் மனசு உறுத்தும். தெரிய வேண்டாம்'னு சொல்லிட்டார்."

அப்படியானால் அந்தக் கடைசி வருஷங்களின் சனிக்கிழமைகள் எல்லாம்? கண்ணை மூடிக்கொண்டு நீ முகர்ந்தது உண்மையாகவே முகர்ந்ததுதான். நோலென் குர் உனக்குத் தெரிந்தது, புகை தெரிந்தது, பழைய பீரோ தெரிந்தது. அத்தனையும் தெரிந்தும், என் அரைகுறை வர்ணனையைத் தலையாட்டிக் கேட்டிருக்கிறாய். திரும்பிவந்த மணத்தைப் பற்றி வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தையும் எனக்காக விழுங்கிக்கொண்டாய். நானோ உனக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன்.

பத்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கேட்டேன். "நான் சொன்னது தப்பா பத்மா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "தப்பில்லை அண்ணா. அவரும் ஒருநாள்கூட அதைத் தப்புன்னு சொன்னதில்லை. நீங்க சொல்லாட்டியும் என்னைக்காவது போய்ச் சொல்லியிருப்பார், அவர் குணம் அப்படி. ஆனா நீங்க கொஞ்சம் சீக்கிரமா சொல்லிட்டீங்க."

இத்தனை வருஷமாக அந்தச் 'சீக்கிரமா'வோடுதான் இருக்கிறேன். யாராவது என்னிடம் வந்து தன் கஷ்டத்தைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் சட்டென்று நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது, இன்றும்கூட. பெரும்பாலும் அது சரியான பதிலாகத்தான் இருக்கும். அதை அங்கேயே நிறுத்திவிட்டு, "டாக்டர் என்ன சொன்னார்? வீட்டுல என்ன சொல்றாங்க? உனக்கு எவ்வளவு நாள் டயம் இருக்கு?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். அன்று பால்கனியில் உன்னிடம் இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.