ஒரு ஜோடிக் கொலுசால் நின்றுபோன உதவி

அனுப்புநர்:
க. வெற்றிச்செல்வி (க/பெ கலைச்செல்வன்),
அங்கன்வாடிப் பெற்றோர் குழுத் தலைவி,
கீழ ஓடைத்தெரு, மணற்படுகை கிராமம்,
தா.பழூர் வழி, அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர்.

பொருள்: எங்கள் தெரு அங்கன்வாடியில் பின்தங்கிய நிலையிலுள்ள குழந்தைகளின் முன்பருவக் கல்விக்கு வந்துகொண்டிருந்த கூடுதல் நிதியை மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கூடுதல் நிதியை நிறுத்திய ஆணையை அங்கன்வாடி ஆசிரியை சென்ற மாதம் எங்களுக்குப் படித்துக் காட்டினார். அதில் இருந்த காரணத்தைக் கேட்டதும் அவரை நிறுத்தினேன். மூன்று முறை திரும்பப் படிக்கச் சொன்னேன். மூன்று முறையும் அதேதான் இருந்தது. "குழந்தைகள் அனைவரும் நல்ல ஆடையும் வெள்ளிக் கொலுசும் அணிந்துள்ளனர், பின்தங்கிய நிலை ஏதும் காணப்படவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள் ஐயா.

1. எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் இல்லை. பெண்கள் நடவுக்கும் களைக்கும் போகிறோம். ஆண்கள் சிமெண்ட் லாரிக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். விடிந்ததும் வீட்டைப் பூட்டினால் பொழுது சாய்ந்துதான் திறப்போம். பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச, படத்தைக் காட்டிக் கதை சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. இதைக் கருதித்தான் சென்ற ஆண்டு கூடுதல் நிதி வந்தது. மலர்கொடி என்ற பயிற்சி ஆசிரியை செவ்வாயும் வியாழனும் வந்தார். படப் புத்தகங்களும் மரக்கட்டைகளும் வந்தன. மாலையில் சுண்டல் கொடுத்தார்கள்.

2. என் மகள் நந்தினிக்கு நான்கு வயது. மூன்றரை வயது வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுவாள், கிடைக்காவிட்டால் அழுவாள். மலர்கொடி ஆசிரியை வந்த மூன்றாம் மாதம் அவள் வாய் திறந்து சொன்ன முதல் சொல் "டீச்சர்". அம்மா என்று சொல்லவில்லையே என்று அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்க மாட்டேன். அடுத்த வாரம் அம்மாவும் சொன்னாள்.

3. ஆகஸ்ட் மாதம் வெளியூரிலிருந்து கணக்கெடுப்புக் குழு வருவதாகவும், குழந்தைகளைப் படம் எடுப்பார்கள் என்றும் நான்கு நாள் முன்பே தகவல் வந்தது. இங்கேதான் என் தவறு. பிள்ளைகளைப் பளிச்சென்று கொண்டுவர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான். அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், நாலு பேர் வரும் இடத்தில் பிள்ளை அழுக்காக நிற்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆபீசர் வருகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். கல்லங்குறிச்சித் தேர்த் திருவிழாவுக்கு எடுத்த சட்டைகளும் பாவாடைகளும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. இல்லாத பிள்ளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

4. கொலுசு என் நாத்தனார் கலியம்மாளுடையது. அவள் மகளின் காதுகுத்துக்கு வந்த சீர். எங்கள் தெருவில் குழந்தைக் கொலுசு அந்த ஒரு ஜோடிதான். குழந்தைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்த பிள்ளை பின்வாசல் வழியாக வெளியே வரும். நான் அங்கே கொலுசைக் கழற்றிக்கொண்டு, முன்வாசலில் நிற்கும் அடுத்த பிள்ளைக்கு மாட்டிவிட ஓடினேன். ஆண் பிள்ளைகளையும் விடவில்லை. அங்கன்வாடி ஆசிரியை வேண்டாம் என்று ஜாடை காட்டினார், நான் கேட்கவில்லை.

5. வந்தவர்கள், பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது, பேசுகிறதா, தாய் எங்கே வேலைக்குப் போகிறாள் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புறப்படும்போது அவர்களில் ஒருவர், "பரவால்லையே, எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். புகழ்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன் ஐயா. டீ கூட வாங்கிக் கொடுத்தேன்.

6. ஆணையோடு படங்களின் நகலையும் கேட்டு வாங்கினேன். பதினொரு படங்களையும் இணைத்துள்ளேன். தயவுசெய்து வலது கால் கொலுசைப் பாருங்கள். அதன் திருகாணி எப்போதோ தொலைந்துவிட்டது. சிவப்பு நூலால் கட்டியிருக்கிறோம். பதினொரு படத்திலும் அதே சிவப்பு நூல் இருக்கிறது. எதிர்வீட்டு இளவரசனின் இளைய மகனுக்குக் கொலுசு குதிகாலுக்குக் கீழே வழிந்து கிடக்கிறது. அவ்வளவு மெலிந்த கால். இந்தப் படங்களைப் பார்த்து ஆணை போட்டவர்களில் ஒருவர் கண்ணில்கூட இது படவில்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

7. மலர்கொடி ஆசிரியை வருவது நின்று ஐந்து வாரம் ஆகிறது. நந்தினி மறுபடியும் கை நீட்டிக் காட்டத் தொடங்கிவிட்டாள். காலையில் அங்கன்வாடி கேட்டைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் பார்த்து "டீச்சர்" என்று மட்டும் சொல்லுவாள். அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். சென்ற வியாழக்கிழமையிலிருந்து அதையும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

ஆகவே, எங்கள் தெருவுக்கு மறு ஆய்வுக்கு ஆணையிட்டு, கூடுதல் நிதியைத் திரும்ப வழங்கி, மலர்கொடி ஆசிரியையை மீண்டும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அலங்கரித்து நிறுத்தியது குற்றமென்றால் அது என் குற்றம். அதற்கு என்னை விசாரியுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். மறு ஆய்வுக்கு வருபவர்களை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வரச் சொல்லுங்கள். சொன்னால், இவ்வளவு பட்ட பிறகும் பிள்ளைகளை அழுக்காக நிறுத்த எங்களுக்கு மனம் வராது. கொலுசு மறுபடியும் வெளியே வந்துவிடும்.

இணைப்பு: ஆணை நகல் – 1, படங்கள் – 11. கொலுசை எப்போது கேட்டாலும் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

நாள்: 17.11.2025
இடம்: மணற்படுகை

தங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
க. வெற்றிச்செல்வி