கரமனை வானிலை நிலையத்தின் ஒரே தவறு

12 மே 1998

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை ஏழு மணிக்குக் கொடியில் போட்ட என் நீலச் சட்டை ஏழேகாலுக்கே உலர்ந்துவிட்டது. கரமனை சரித்திரத்தில் இப்படி நடந்ததில்லை. நடந்திருந்தாலும் யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த அரிய தகவலை வெளியிடுபவர் கரமனை வானிலை நிலைய இயக்குநர் தாணு, அதாவது நான். அலுவலகம்: தெருமுனைப் பால் பூத்தின் கரும்பலகை. ஊழியர்: ஒருவர். எதிர்வீட்டு நாகேஸ்வரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை என் பெஞ்சுக்காரன். பரீட்சை லீவில், இந்த மாதம் மூன்றாம் தேதியிலிருந்து தினமும், மறுநாள் வெயிலா மழையா என்று பலகையில் எழுதுகிறோம். ஒன்பது அறிக்கை, ஒன்பதும் சரி! பால் வாங்க வரும் மாமாக்கள் பலகையைப் பார்த்த பிறகே குடையை எடுக்கிறார்கள்.

"எப்பிடிலே சொல்லுத?" என்று பூத்துக்காரர் திரவியம் அண்ணாச்சி கேட்டார்.

"மேகத்தைப் பாத்தாலே எனக்குப் படிக்க வரும் அண்ணாச்சி. ஆய கலைகள் அறுபத்துநாலு. மேகம் கலையறது அறுபத்தஞ்சாவது."

"பாடப் புஸ்தகத்தப் பாத்தா மட்டும் படிக்க வராது, என்ன?"

13 மே

உஷ்ணம். எழுத ஒன்றுமில்லை. பேனாவே வியர்க்கிறது.

16 மே

பலகையைத் துடைத்துக்கொண்டே நாகேஸ்வரன் சொன்னான். "அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர்டா. பாலக்காடு. இருபத்தேழாந் தேதி போறோம்."

"அங்கே இன்னும் உஷ்ணம் ஜாஸ்தி" என்றேன். வேறென்ன சொல்ல? இயக்குநர் ஆயிற்றே.

19 மே

எங்கள் தெரு சீதாலக்ஷ்மி மாமி வீட்டு மொட்டைமாடி இந்த வருஷம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் மாமி வடாம் போட, காக்காய் ஓட்டுவது நானும் நாகேஸ்வரனும்தான். விரித்த வேஷ்டிகள், அவற்றின் மேல் வரிசை வரிசையாக வடாம், நடுவில் காக்காயை மிரட்ட ஒரு கறுப்புக் குடை. தண்ணீர்த் தொட்டி நிழலில் நாங்கள். பாதி காய்ந்த வடாத்துக்கு ஒரு ருசி உண்டு. மேலே மொறுமொறு, உள்ளே மாவு. வரிசையில் ஓட்டை தெரியாமல் ஓரத்திலிருந்து எடுப்பது நாகேஸ்வரனின் கண்டுபிடிப்பு. ஐந்தாம் வகுப்பில் ஒரு முழு ஓரத்தையே தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். காக்காயைக் காட்டிக்கொடுத்தோம். "எந்தக் காக்காடா எள்ளும் பெருங்காயமுமா ஏப்பம் விடறது?" என்றாள் மாமி.

இனி அந்த மாடியில் யார்?

22 மே

மாமி தெருவில் பிடித்துக்கொண்டாள். பம்பாயில் இருக்கும் அவள் பெண்ணுக்கு ஏழாம் மாசம். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லையாம், அம்மா கை வடாம்தான் வேண்டுமாம். "என் தம்பி ரெண்டாந் தேதி ரயில்ல போறான், அவன் கையில குடுத்தனுப்பணும். ரெண்டு நாள் நல்ல வெயில் கிடைக்குமோடா, தாணு? உன் போர்டை நம்பித்தான் அரிசி ஊறப் போடணும்."

"அலுவலகம் நாளை அறிவிக்கும்" என்றேன். உள்ளுக்குள் குதித்தேன். இருபத்தேழுக்குள் ஒருதடவை மாடி!

23 மே

காலையில் நாகேஸ்வரன் வந்தான். "நாளைக்கு மழைடா. சாதா மழை இல்லை. மாமிகிட்ட வேண்டாம்னு சொல்லிடு." சொல்லிவிட்டுப் புஸ்தகம் கட்டப் போய்விட்டான்.

நாளைக்கு இல்லையென்றால் அவன் போவதற்குள் இல்லவே இல்லை.

பலகையில் எழுதினேன்: 'நாளையும் மறுநாளும் தெளிந்த வானம். வடாம் போட உகந்தது. — இயக்குநர்.' வானம் தெளிவாகத்தானே இருக்கிறது? மேகம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே?

24 மே

பதினோரு மணி வரை எல்லாம் பழையபடியே. நான்கு வேஷ்டி, குடை, தொட்டி நிழல். ஓரத்திலிருந்து எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா மாத்தி எழுதினே?"

பதில் சொல்வதற்குள் காற்று குளிர்ந்தது. குடை புரண்டு ஓடியது. பிறகு — ஐயோ. நாங்கள் இரண்டு பேரும் வேஷ்டி நுனியைப் பிடித்து இழுக்க, மாமி மேலே ஓடிவர, மாவெல்லாம் கரைந்து தூம்பு வழியே பால் மாதிரி தெருவில் கொட்டியது. மாமி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மழை இல்லேன்னு யாருடா சொன்னது?"

என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "நாகேஸ்வரன்தான் மாமி. அவன் சொல்றதைத்தான் நான் எழுதறேன்."

அவன் என்னை ஒருதரம் பார்த்தான். வேஷ்டியைப் பிழிந்துகொண்டே, "ஆமா மாமி. தப்பு என்னோடதுதான்" என்றான்.

25 மே

மழை. அவன் பூத்துக்கு வரவில்லை. ஃபேன் போடாமல் படுத்தேன். மே மாதத்தில் போர்வை. இந்தக் குளிருக்குத்தானே ஒரு மாதமாக ஏங்கினோம்?

27 மே

தம்பானூர் ஸ்டேஷன். ஜன்னல் வழியே மீதிச் சாக்பீஸ் டப்பாவை நீட்டினான்.

"காலைல ஆறரைக்குப் பாலத்துக்குப் போ. பூந்துறைக் கடற்கரையிலேர்ந்து மீன் கூடையோட பிலோமினா சேச்சி வருவா. கடல் எப்படி, நாளைக்கு மீன்பிடி வள்ளம் இறங்குமான்னு கேளு. அவ்வளவுதான்."

"மீன்காரியா? அக்ரஹாரத்து வடாமெல்லாம் மீன் கூடையை நம்பியாடா காஞ்சுது?"

"ஆத்துல யார்கிட்டயும் சொல்லாதே."

சிரித்தோம். ரயில் நகர்ந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை.

29 மே

ஆறரைக்குப் பாலம். கடல் எப்படி என்று கேட்டதும், "மற்றே மோன் எவிடெ?" என்றாள் சேச்சி, மற்றப் பையன் எங்கே என்று. பாலக்காட்டுக்குப் போய்விட்டான் என்றேன். கூடையை இறக்கி வைத்து, "நல்ல மோனாயிருந்நு" என்றாள். நல்ல பிள்ளையாக இருந்தானாம். மழை விட்டிருக்கிறது, நாளை வள்ளம் இறங்கும், இரண்டு நாள் வெயில் காயும் என்றாள்.

பலகையில் எழுதிவிட்டு நேரே மாமி வீட்டுக்குப் போனேன்.

"மாமி, மழை வரும்னுதான் நாகேஸ்வரன் சொன்னான். நான்தான் மாத்தி எழுதினேன்."

"ஏண்டா?"

"அவன் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மாடியில… அவனும் நானும்…"

மாமி அரிசி டின்னைத் திறந்து படியால் அளந்தாள். பிறகு, "மாவு கிளற ஆள் வேணும். விடியறதுக்கு முன்னாடி வந்துடு. கை வலிக்கறதுன்னு சொன்னே, தெரியும் சேதி" என்றாள்.

31 மே

வலித்தது. சொல்லவில்லை. இரண்டு நாளும் காக்காய் ஓட்டியது நான் ஒருவனே. வெயில் இருந்தது, ஆனால் பழைய வெயில் இல்லை. காற்றில் ஜில்லென்று ஒன்று கலந்துவிட்டது. ஓரத்திலிருந்து ஒன்று எடுத்தேன். தனியாகத் தின்றால் வெறும் மாவு.

மாலையில் மாமி இரண்டு பொட்டலம் கட்டினாள். ஒன்று பம்பாய்க்கு. இன்னொன்றை என்னிடம் தந்து, "அந்தப் பிள்ளை விலாசத்தை எழுது" என்றாள். விலாசம் எழுதி, உள்ளே ஒரு சீட்டும் வைத்தேன். 27ஆம் தேதி கேட்காததை அதில் கேட்டிருக்கிறேன்.

இந்த டைரிக்கும் ஒரு திருத்தம். அந்த ஒன்பது அறிக்கையும், பிறகு 22 வரை எழுதியவையும் அவனுடையவை. நானாகச் சொன்னது ஒன்றே ஒன்று, அது 23ஆம் தேதி எழுதியது. என் நீலச் சட்டை உலர்ந்த நேரத்தைக் குறித்ததும் நாகேஸ்வரன்தான். ஏழேகாலுக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.