பாட்டு ஏட்டின் கண்ணாடியைத் தொட்டது யார் என்பது பற்றி

அனுப்புநர்:
நமசிவாயம் தம்பித்துரை,
ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுநர் (யாழ்ப்பாணக் கச்சேரி),
12, மியூலன் வீதி, லின்டன்பாக், ஜேர்மனி.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பழைய கன்னியர் மட நூதனசாலை, லின்டன்பாக்.

விடயம்: என் மனைவி திருமதி கனகவல்லி தம்பித்துரைக்கு விதிக்கப்பட்ட ஓராண்டு நுழைவுத் தடையை என் பெயருக்கு மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஜேர்மன் எழுத்துநடை எனக்குக் கைவரவில்லை. ஆகவே இதைத் தமிழில் எழுதி, மேல்மாடியில் வசிக்கும் பல்கலைக்கழக மாணவி கம்சனாவைக் கொண்டு மொழிபெயர்த்து அனுப்புகிறேன். மனு நீண்டுவிட்டதோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. இது நான்காவது படி.

2. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் அம்மடத்துக் கன்னியர் எழுதி வண்ணம் தீட்டிய பாட்டு ஏட்டை, ஓகஸ்ட் முதல் வியாழன்தோறும் நாங்கள் இருவரும் வந்து பார்த்தோம். திறந்திருக்கும் பக்கத்தில், பொன் பூசிய முதலெழுத்தின் வயிற்றுக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கன்னியர் முழந்தாளிட்டிருக்கிறார். தலைக்கு மேலே அடெல்ஹைட் என்று தம் பெயரையும் எழுதியிருக்கிறார். முதல் வாரமே என் மனைவி அவரை "அடேலக்கா" ஆக்கிவிட்டார்.

3. தாளுக்குப் பதில் தோலில் எழுதிய அப்பக்கத்தின் மூலையில், தோலைப் பதப்படுத்தும்போது விழுந்த ஓர் ஓட்டை உண்டு. அதன் விளிம்பைச் சிவப்பும் பச்சையுமான பட்டுநூலால் தைத்திருக்கிறார்கள். என் மனைவி இருபத்தாறு ஆண்டுகள் தையல் வேலை செய்தவர். "இஞ்சை பாருங்கோ, ஓட்டையை மறைக்கேல்லை, வடிவாக்கி வைச்சிருக்கிறா. கச்சேரியிலை நீங்கள் கிழிச்ச கடுதாசிக்கு ஆர் பூப் போட்டது?" என்றார். அன்று, செப்டெம்பர் 14ஆம் திகதி, பேழையின் கண்ணாடியை இரு விரல்களால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஏட்டுக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது. எச்சரிக்கை மணி அடித்தது. காவல் அலுவலர் அம்மையார் பண்பாகவே எச்சரித்தார். வீடு வரும்வரை நானும் எச்சரித்தேன். அதில் அவ்வளவு பண்பு இருக்கவில்லை.

4. ஒக்ரோபர் 5ஆம் திகதி நடந்ததே இம்மனுவுக்குக் காரணம். பக்கத்தின் அடியில் கயிறு இழுக்கும் ஒரு சிறு உருவம் இருக்கிறது. அதுவரை அதை அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். அன்று, பழக்கதோஷத்தால், வரிகளை எண்ணினேன். எதிர்ப்பக்கத்தில் இருபத்திரண்டு, இப்பக்கத்தில் இருபத்தொன்று. அடெல்ஹைட் அம்மையார் ஒரு வரியை விட்டுவிட்டார். பிறகு அதை அடியில் எழுதி, ஒரு குட்டிக் கன்னியர் அதைக் கயிறு கட்டி உரிய இடத்துக்கு இழுப்பதாக வரைந்திருக்கிறார். நான் முப்பத்தோராண்டு காணி உறுதிப் பத்திரங்களைப் படியெடுத்தவன். 1968இல் ஓர் உறுதியில் ஒரு வரியை விட்டதற்காக, அலுவலகம் முழுவதும் கேட்க ஏச்சு வாங்கினேன். அந்த வரி இன்றும் மனப்பாடம். அதே பிழையை விட்ட ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறார் என்பதை என் வயதில் அறிவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

5. மணி அடித்தபோதுதான் என் விரல்கள் என் கண்களில் இருப்பதை உணர்ந்தேன். தொட்டவன் நான். அலுவலர் ஓடிவந்து, முன்னைய நினைவில் என் மனைவியைப் பார்த்தார். அது அவர் பிழையன்று. என் மனைவி, தமக்குத் தெரிந்த ஜேர்மனில், தாமே தொட்டதாகச் சொல்லிப் படிவத்திலும் கையொப்பமிட்டார். நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றேன். பஸ்ஸில் ஏறியதும், "தடைக் கடிதம் உங்கடை பேருக்கு வந்தால் உங்களுக்கு ஒரு மாசம் நித்திரை வராது. எனக்கெண்டால் அது வெறும் கடுதாசி" என்று சிரித்தார்.

6. வெறும் கடுதாசி அன்று. ஒளியால் நிறம் மங்காதிருக்க நவம்பர் 30இல் பக்கம் திருப்பப்படும் என்றும், எட்டு ஆண்டுகளுக்கு அது மறுபடி திறக்கப்படாது என்றும் அறிவிப்புப் பலகை சொல்கிறது. என் மனைவிக்கு அறுபத்தெட்டு வயது. வலக்கண் முன்பே போய்விட்டது. இடக்கண்ணுக்கு நுண்ணிய தையல் இந்தக் குளிர்காலத்துக்குப் பின் தெரியாது என்று கண் வைத்தியர் கூறியுள்ளார். வியாழக்கிழமைகளில் மேலங்கியை எடுக்கிறார். பிறகு நினைவு வந்து மறுபடி ஆணியில் மாட்டிவிடுகிறார்.

7. ஆகவே, தடையை என் பெயருக்கு மாற்றி, நவம்பர் 30க்கு முன் ஒரே ஒரு வியாழனன்று அவரை அனுமதிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். கையுறை அணிந்து, கைகளை மேலங்கிப் பைக்குள் வைத்திருப்பார். நான் எதிரேயுள்ள பஸ் தரிப்பிடத்தில் காத்திருப்பேன். ஐந்தாம் பந்தியை மொழிபெயர்க்கும்போது கம்சனா, "அங்கிள், உதை விடுங்கோ, உங்களுக்கும் தடை போட்டிடுவினம்" என்றார். அதைத்தான் கேட்கிறேன் பிள்ளை என்றேன்.

லின்டன்பாக்,
06.11.2006

இங்ஙனம்,
கண்ணாடியைத் தொட்டவன்,
ந. தம்பித்துரை

இணைப்பு: தடைக் கடிதத்தின் பிரதி.

பி.கு.: இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டும்போது, ஐந்தாம் பந்தியில் ஒரு வரி விடுபட்டிருப்பதைக் கண்டேன். அது: "அன்று நான் வாய் திறக்கவில்லை, அதற்காகக் கனகவல்லியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." ஐந்தாவது படி எழுதத் தாள் எடுத்தேன். "திருப்பி எழுதிக்கொண்டிருந்தால் நூதனசாலையிலை அவை பக்கத்தைத் திருப்பிப்போடுவினம். அடியிலை எழுதி, அடேலக்கா மாதிரிக் கயித்தைக் கட்டுங்கோ" என்றார். எனக்குக் கயிறு வரைய வராது. அம்புக்குறி இட்டுள்ளேன்.