குஞ்சுக் கூடையும் வெள்ளை பல்பும்

மஞ்சக்குட்டை,
மார்கழி, 1997.

அன்பு மகன் பழனிசாமிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. சேர்வராயன் சாமி காவலில் நாங்கள் சுகம், கடல் தாண்டி மஸ்கட்டில் இருக்கிற உன்னையும் அந்தச் சாமியே பார்த்துக்கொள்ளட்டும். லீவில் வந்த தேவசிகாமணியிடம் நீ கொடுத்தனுப்பிய கரண்ட்டு மிச்சம் பிடிக்கிற பல்புகள் உடையாமல் வந்து சேர்ந்தன. முதலில் கூடத்தில் மட்டும் ஒன்றை அப்பா மாட்டினார். என்ன சொல்வேன் கண்ணு, சாயங்காலம் எஸ்டேட்டில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் நம் வீட்டு பல்பு அணையப்போகிற கொள்ளி மாதிரி சிவந்து கிடக்குமே, அந்த நேரத்திலும் இது பால் மாதிரி எரிகிறது. பயந்து பயந்து தொட்டேன், சுடவே இல்லை. அடுப்பு மூட்டாமல் சோறு வெந்த மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்து வீட்டு அத்தாயி வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் நான் ஏற்காட்டுச் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எல்லா பல்பையும் மாற்றிவிட்டார், என் குஞ்சுக் கூடைக்கு மேல் தொங்கினதையும் சேர்த்து. கருப்புக் கோழியைக் காட்டுப்பூனை தூக்கிப்போனதில் இருந்து அந்தக் குஞ்சுகளுக்கு அந்த பல்புச் சூடுதான் தாய். குளிருக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்க நீ மாட்டிக்கொடுத்துவிட்டுப் போன திருகு சுவிட்சுதான் இன்னமும் இருக்கிறது. இருட்டின பிறகு வந்து பார்க்கிறேன், கூடைமேல் புது பல்பு கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது, கீழே குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து சத்தமே இல்லாமல் கிடக்கின்றன. அள்ளி மடியில் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து வாயில் வந்ததெல்லாம் சொல்லி அப்பாவைத் திட்டினேன். அவர் பழைய பல்பைத் தேடி எடுத்து மாட்டினார். மடிக்குள் ஒன்று அசைந்தது, கீச்சென்றது, பிறகு ஒவ்வொன்றாய் எல்லாம் கத்தின. ஒரு நோஞ்சான் மட்டும் இன்னும் தள்ளாடுகிறது.

குஞ்சுகளைக் கூடையில் விட்டுவிட்டு நிமிர்ந்தால், கூடத்து வெளிச்சத்தில் அப்பா நிற்கிறார். தலை அத்தனையும் வெளுத்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு. தினமும் பார்க்கிற முகம், பழைய பல்பின் மங்கலில் இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை சாமி. அவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்புள்ள, நீ நொம்ப எளச்சுப் போயிட்டயே" என்றார். திட்டினதெல்லாம் மறந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒயர்மேன் மாரியப்பன் வந்து பார்த்து, திருகு சுவிட்சு இந்த பல்புக்கு ஒத்துவராது, சாதா சுவிட்சுதான் வேண்டும் என்று சொல்லி, சமையல்கட்டிலும் வாசலிலும் இருந்த திருகு சுவிட்சை மாற்றிக்கொடுத்தான். கூடைக்கு மட்டும் பழைய பல்பும் உன் திருகு சுவிட்சும்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க அப்பாவும் நானும் ஆசி சொல்கிறோம். இந்த வருசமாவது லீவு கேட்க மறந்துவிடாதே. வெளிச்சத்துக்கு இனி இங்கே குறை இல்லை கண்ணு, அதில் ஒரு தடவை எங்கள் முகத்தை வந்து பார்த்துவிட்டுப் போ.

உன் அம்மா
கண்ணாயி